ரோபோ ஆபரேஷனில் கேமரா யார் கையில்? கை நடுங்கினால், கரண்ட் போனால் என்ன ஆகும்? முழு விளக்கம்

'ரோபோ வச்சு ஆபரேஷன் பண்ணிடலாம்' என்று டாக்டர் சொன்னதும் நோயாளியின் வீட்டில் எழும் முதல் கேள்வி, 'மெஷின் தானா வெட்டுமா?' என்பதுதான். இரண்டாவது கேள்வி, 'நடுவுல நின்னு போச்சுன்னா?'

கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தில், பீங்கான் பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் செய்யும் தொழிற்கூடம் ஒன்றில் வேலை பார்ப்பவருக்கு சிறுநீரகத்தில் சின்னதாக ஒரு கட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். சென்னைக்குப் போகச் சொல்கிறார்கள். ரயிலில் 200 கிலோமீட்டருக்கு மேல். அங்கே அவர் கையெழுத்துப் போட வேண்டிய ஒப்புதல் படிவத்தில் 'ரோபோ உதவியுடன்' என்று இருக்கிறது. அந்த 'உதவியுடன்' என்பதற்கு என்ன அர்த்தம்? கேமரா யார் கையில், கத்தி யார் கையில் என்று பார்த்தால் புரிந்துவிடும்.

ரோபோ தானாக அசையுமா?

அசையாது. இன்று மருத்துவமனைகளில் வயிறு, சிறுநீரகம், கர்ப்பப்பை ஆபரேஷன்களுக்குப் பயன்படும் டா வின்சி போன்ற கருவிகள் சொந்தமாக எந்த முடிவையும் எடுப்பதில்லை. நோயாளியின் பக்கத்தில் நான்கு கைகள் கொண்ட ஒரு இயந்திரம் நிற்கும். ஒரு கையில் கேமரா, மற்ற மூன்றில் கத்தரி, இடுக்கி, ஊசி பிடிக்கும் கருவி. சில அடி தள்ளி, அதே அறையில், ஒரு மேஜை போன்ற அமைப்பில் அறுவை சிகிச்சை நிபுணர் உட்கார்ந்திருப்பார். அதற்குப் பெயர் கன்சோல். அவர் விரல்களில் மாட்டிக்கொள்ளும் பிடிகளை அசைத்தால், உள்ளே கருவி அசையும். அவர் கையை நிறுத்தினால் கருவியும் நிற்கும்.

இன்னொரு விஷயம். கன்சோலில் தலை வைக்கும் இடத்தில் ஒரு சென்சார் இருக்கிறது. டாக்டர் தலையை வெளியே எடுத்த அடுத்த நொடி, கருவிகள் அந்தந்த இடத்திலேயே உறைந்து நின்றுவிடும். பக்கத்தில் யாரிடமாவது பேசத் திரும்பும்போது கை தெரியாமல் அசைந்தாலும் உள்ளே ஒன்றும் ஆகாது.

கேமராதான் பழைய தலைவலி

ரோபோ வருவதற்கு முன்பிருந்தே லேப்ராஸ்கோபி இருக்கிறது. வயிற்றில் சின்னச் சின்ன துளைகள் போட்டு, கார்பன் டை ஆக்சைடு வாயுவால் வயிற்றை உப்ப வைத்து, ஒரு துளை வழியாக கேமராவை உள்ளே விட்டு, டிவி திரையைப் பார்த்தபடி செய்யும் ஆபரேஷன். இன்றும் பித்தப்பை, குடல்வால் ஆபரேஷன்கள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன. அதற்கு ரோபோ தேவையே இல்லை.

அதில் ஒரு சிக்கல். நிபுணரின் இரண்டு கையிலும் கருவி இருக்கும். அப்போ கேமராவை யார் பிடிப்பது? பக்கத்தில் நிற்கும் உதவி டாக்டர். மணிக்கணக்கில் ஒரே மாதிரி பிடித்திருந்தால் யாருக்கும் கை தளரும், படம் ஆடும். 'கொஞ்சம் மேல... இல்ல இல்ல, லெஃப்ட்ல' என்று சொல்லிக்கொண்டே வேலை செய்ய வேண்டும். தன் கண்ணை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுத் தைப்பது மாதிரி.

இந்தப் பிரச்சினைக்காகத்தான் லேப்ராஸ்கோபி ஆபரேஷனுக்குள் ரோபோ வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1994-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற 'ஈசாப்' என்ற ரோபோ கைக்கு கத்தியே கிடையாது. கேமராவைப் பிடிப்பது மட்டும்தான் அதன் வேலை. பிறகு டாக்டரின் குரலுக்குக் கட்டுப்பட்டு கேமராவை நகர்த்தவும் அது பழகியது. 2000-ம் ஆண்டு டா வின்சி கருவிக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்த பிறகுதான், கேமராவும் கருவிகளும் ஒரே ஆளின் கட்டுப்பாட்டுக்குள் வரும் முறை பரவியது.

பெடலை மிதித்தால் என்ன நடக்கும்?

டாக்டரின் காலடியில் தையல் மெஷின் மாதிரி பெடல்கள் வரிசையாக இருக்கும். கேமரா பெடலை மிதித்தால், கையில் இருக்கும் பிடிகள் அந்த நேரத்துக்கு கேமராவின் பிடிகளாக மாறிவிடும். உள்ளே கத்தரியும் இடுக்கியும் அசையாமல் நிற்கும். இரண்டு கையையும் சேர்த்து நகர்த்தினால் படம் நகரும், திருப்பினால் படம் திரும்பும். காலை எடுத்தால் மறுபடி கத்தரி கைக்கு வந்துவிடும்.

இன்னொரு பெடலுக்கு கிளட்ச் என்று பெயர். கம்ப்யூட்டர் மவுஸ் மேஜையின் ஓரத்துக்கு வந்துவிட்டால் என்ன செய்வோம்? தூக்கி நடுவில் வைத்து மறுபடி நகர்த்துவோம், இல்லையா? அதேதான். கை முட்டும் இடத்துக்கு வந்ததும் கிளட்சை மிதித்து, கையை வசதியான இடத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி தொடரலாம். இந்த இடைவெளியில் உள்ளே எதுவும் நகராது.

கேமராவில் இரண்டு லென்ஸ்கள். இடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு ஒரு படம். அதனால் ரத்தக்குழாய் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்ற ஆழம் தெரியும். படமும் பல மடங்கு பெரிதாகத் தெரியும்.

இதைவிட சுவாரஸ்யமானது திரைக்குப் பின்னால் ஓடும் கணக்கு. சாதாரண லேப்ராஸ்கோபியில் துளைதான் அச்சு. துடுப்பு போடுகிற மாதிரி, வெளியே கையை வலது பக்கம் தள்ளினால் உள்ளே முனை இடது பக்கம் போகும். இதற்குப் பழகவே டாக்டர்களுக்கு நாள் பிடிக்கும். ரோபோவில் அந்தத் தலைகீழ் இல்லை. கேமரா எந்தக் கோணத்தில் சாய்ந்திருந்தாலும், திரையில் தெரியும் முனை டாக்டரின் கை போகும் திசையிலேயே போகும்படி, ஒவ்வொரு மூட்டும் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி கணக்குப் போடுகிறது. அதோடு, துளை இருக்கும் புள்ளியை மையமாக வைத்தே கை சுழலும். வயிற்றுச் சதையை இழுத்துக் கிழிக்காமல் இருக்க இந்த ஏற்பாடு.

சூளைக்குத் தெரிந்த கணக்கு

விருத்தாசலத்தில் அச்சு செய்பவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். நான்கு அங்குல பொம்மை வேண்டுமென்றால், அச்சு நான்கு அங்குலத்தில் இருக்கக் கூடாது. காயும்போதும் சூளையில் வேகும்போதும் மண் சுருங்கும். அதனால் சுருங்கும் விகிதத்தைக் கணக்கிட்டு அச்சைப் பெரிதாகவே செய்வார்கள்.

ரோபோவில் கை அசைவுக்கும் இதே மாதிரி ஒரு விகிதம் உண்டு. மூன்றுக்கு ஒன்று என்று வைத்தால், டாக்டர் கையை 3 சென்டிமீட்டர் நகர்த்தினால் உள்ளே கருவி 1 சென்டிமீட்டர்தான் நகரும். பெரிதாக அசைத்து, சின்னதாக வேலை வாங்குவது. முடி போன்ற நூலில் தையல் போட வேண்டிய இடத்தில் இது பெரிய உதவி.

சரி, கை நடுங்கினால்? எவ்வளவு அனுபவசாலி என்றாலும் மனிதக் கை நொடிக்கு 8 முதல் 12 முறை லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். டாக்டர் வேண்டுமென்று செய்யும் அசைவு இதைவிட மெதுவானது. வேகமான அந்த நடுக்கத்தை மட்டும் மென்பொருள் வடிகட்டிவிட்டு, மற்றதை உள்ளே அனுப்புகிறது. ஆனா ஒன்று, தவறான இடத்தை நோக்கி நிதானமாகப் போகும் கையை இந்த வடிகட்டி தடுக்காது. அது டாக்டரின் முடிவு.

கருவியின் முனையில் மணிக்கட்டு மாதிரி ஒரு மூட்டு இருக்கிறது. லேப்ராஸ்கோபியில் நேரான நீளக் குச்சியை வைத்துக்கொண்டு தைப்பதற்கும், மணிக்கட்டு திரும்பும் கருவியால் தைப்பதற்கும் நிறைய வித்தியாசம். நம் தொழிலாளியின் சிறுநீரகத்துக்கே வருவோம். கட்டியை மட்டும் எடுத்து சிறுநீரகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றால், அதற்குப் போகும் ரத்தத்தை கிளிப் போட்டு நிறுத்தி, வெட்டி, தைத்து, கிளிப்பை எடுக்க வேண்டும். சுமார் அரை மணி நேரத்தைத் தாண்டினால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தைக்கும் இந்த மாதிரி இடத்தில்தான் ரோபோவின் மணிக்கட்டுக்கு உண்மையான மதிப்பு.

திரைக்கு வெளியே போனால் ஆபத்து

கேமரா ஒரு சின்ன வட்டத்தைத்தான் காட்டும். பெரிதாக்கிப் பார்க்கும்போது அந்த வட்டம் இன்னும் சுருங்கும். மூன்றாவது கையில் இருக்கும் இடுக்கி படத்துக்கு வெளியே இருந்தால், அது குடலை அழுத்திக்கொண்டிருந்தாலும் டாக்டருக்குத் தெரியாது. அதனால்தான் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லித்தரும் பாடம்: கண்ணுக்குத் தெரியாத கருவியை அசைக்காதே.

அப்போ, கருவி போகும் இடத்துக்கு கேமராவே தானாகப் பின்தொடர்ந்து வந்தால் நல்லதுதானே? இதற்கான ஆராய்ச்சி நெடுநாளாக நடக்கிறது. கேட்கும்போது எளிதாகத் தோன்றும் விஷயம், செய்யும்போது சிக்கலாகிறது. டாக்டர் சில நேரம் கத்தரி இருக்கும் இடத்தைப் பார்க்க விரும்புவதில்லை. பக்கத்தில் எங்கோ ரத்தம் கசிகிறதா என்று தேட வேண்டியிருக்கும். அப்போது கேமரா கத்தரி பின்னாலேயே ஓடினால் தொல்லைதான்.

தொட்டால் தெரியுமா? இதுதான் ரோபோவின் பெரிய குறை. திசு மென்மையாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா என்று கையால் உணரும் டாக்டர், பெரும்பாலான ரோபோக்களில் அதை இழக்கிறார். நூலை எவ்வளவு இறுக்குகிறோம் என்பதையே திசு எவ்வளவு அமுங்குகிறது என்று கண்ணால் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். 2024-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டா வின்சி 5 கருவியில் விசையை உணர்த்தும் வசதி வந்திருக்கிறது.

கரண்ட் போனால்?

மருத்துவமனையின் ஜெனரேட்டர் தவிர, கருவியிலேயே மாற்று பேட்டரி உண்டு. அதையும் மீறி நின்றுபோனால், இடுக்கி திசுவைக் கவ்வியபடி சிக்கிக்கொள்ளாமல் இருக்க, கையாலேயே அதைத் திறக்கும் சாவி போன்ற கருவி தயாராக இருக்கும். பிறகு லேப்ராஸ்கோபி முறைக்கோ திறந்த ஆபரேஷனுக்கோ மாறுவார்கள். இதற்காகவே நோயாளியின் பக்கத்தில் இன்னொரு டாக்டர் ஆபரேஷன் முழுவதும் நிற்பார். கேமரா லென்ஸில் ரத்தம் தெறித்தாலோ ஆவி படிந்தாலோ, வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி விடுவதும் பக்கத்தில் நிற்கும் குழுவின் வேலைதான்.

ஆகவே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியது, 'என்ன மாடல் ரோபோ?' என்பதை அல்ல. 'கன்சோலில் உட்காரப் போவது யார், இதே ஆபரேஷனை அவர் எத்தனை செய்திருக்கிறார், பக்கத்தில் நிற்பவர் திறந்த ஆபரேஷன் செய்யத் தெரிந்தவரா?' என்று கேட்கலாம். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது, அது நோயாளியின் உரிமை.

ரோபோ என்றாலே உயர்ந்த சிகிச்சையா?

அப்படி ஒரு விளம்பரத் தொனி இருக்கிறது. ஆதாரங்கள் அவ்வளவு நேராக இல்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் ஆரம்பக் கட்டத்தில் இருந்த 631 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தவர்களில் 96.5 சதவீதம் பேர் நாலரை ஆண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தனர். லேப்ராஸ்கோபி அல்லது ரோபோ முறையில் செய்தவர்களில் அது 86 சதவீதம். சின்ன தழும்பு, சீக்கிரம் வீடு திரும்பலாம் என்பதெல்லாம் உண்மைதான், ஆனால் இந்தப் புற்றுநோய்க்கு அதுவே சிறந்த வழி என்ற நம்பிக்கையை இந்த ஆய்வு உடைத்தது. ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோயில், திறந்த முறையையும் ரோபோ முறையையும் ஒப்பிட்டு ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வில், 12 வாரங்களில் சிறுநீர்க் கட்டுப்பாட்டில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

எந்த உறுப்பு, எந்த நோய், யார் செய்கிறார் என்பதைப் பொறுத்து பதில் மாறும்.

தமிழ்நாட்டில் எங்கே?

அரசுத் தரப்பில், சென்னை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் உள்ள பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில் சுமார் 35 கோடி ரூபாயில் ரோபோ அறுவை சிகிச்சை மையம் 2022 மார்ச்சில் திறக்கப்பட்டது. புதிய தலைமைச் செயலகமாகக் கட்டப்பட்டு, பிறகு மருத்துவமனையாக மாறிய அதே கட்டடம்தான். தனியார் தரப்பில், மெட்ரானிக் நிறுவனத்தின் 'ஹியூகோ' ரோபோவை வைத்து ஆசிய பசிபிக் பகுதியின் முதல் ஆபரேஷன் 2021-ல் சென்னை அப்பல்லோவில் நடந்தது.

இந்தியாவிலேயே தயாராகும் 'எஸ்எஸ்ஐ மந்த்ரா'வும் இருக்கிறது. குருகிராமில் செய்யப்படும் இதில் டாக்டர் பெட்டிக்குள் தலையை விடுவதில்லை. முப்பரிமாணக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிய திரையைப் பார்த்தபடி இயக்குகிறார்.

டாக்டர் சென்னையில், நோயாளி ஊரிலேயே?

2001 செப்டம்பர் 7 அன்று நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் இருந்த 68 வயதுப் பெண்ணின் பித்தப்பையை எடுத்தார்கள். கை அசைத்த பிறகு அந்த அசைவு திரையில் தெரிய சுமார் 155 மில்லி விநாடி ஆனது. 2025 ஜனவரியில் குருகிராமில் இருந்த டாக்டர், 286 கிலோமீட்டர் தள்ளி ஜெய்ப்பூரில் இருந்த நோயாளிக்கு மந்த்ரா ரோபோவால் இதய ஆபரேஷன் செய்தார். தாமதம் 40 மில்லி விநாடிக்குள்.

சென்னைக்கும் விருத்தாசலத்துக்கும் இடையே அதைவிடக் குறைந்த தூரம்தான். தூரம் இங்கே பிரச்சினை இல்லை. அந்த முனையிலும் கோடிக்கணக்கில் விலையுள்ள ரோபோ வேண்டும், அறுந்துபோகாத இணைய இணைப்பு வேண்டும், மயக்க மருந்து நிபுணர் வேண்டும். இணைப்பு அறுந்தால் அந்த நிமிடமே கத்தியை எடுத்து, வயிற்றைத் திறந்து ஆபரேஷனை முடிக்கத் தெரிந்த ஒரு டாக்டர் நோயாளியின் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.