குசினி மேசையில் பிறந்த பலூன்

கதீட்டர் எண்டதும் எங்களுக்கு ஞாபகம் வாறது ஆஸ்பத்திரிக் கட்டிலும் பக்கத்தில தொங்கிற சலப்பையும்தான். ஆனால் அந்த மெல்லிய குழாய்க்குப் பின்னால் பல பில்லியன் டொலர்கள் புரண்ட ஒரு வரலாறு இருக்கிறது. மருத்துவக் கருவிக் கொம்பனிகளின் பங்குகளை வாங்கினால் லாபமா எண்டு கணக்குப் போடுறதுக்கு முதல், அந்த வரலாற்றை ஒருக்கா பார்ப்போம்.

1929 இல், ஜேர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில், வேர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் வைத்தியர் ஒரு சிறுநீர்க் கதீட்டரைத் தன் கை நாளம் வழியாக இதயம் வரை செலுத்தினார். அப்படியே நடந்துபோய் எக்ஸ்ரேயும் எடுத்தார். அந்தத் துறையில் அவருக்கு இடம் கிடைக்கேல்லை. பிறகு சிறுநீர்த்துறை வைத்தியராகத்தான் வேலை செய்தார். 1956 இல், இந்த வழியை வளர்த்தெடுத்த கூர்னான், ரிச்சர்ட்ஸ் இருவரோடும் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு வந்தது. ஆக, இந்தத் துறையின் முதல் முதலீடு காசு இல்லை. ஒரு மனிசன்ர சொந்த உடம்பு.

காசு வந்தபோதும் சின்னதாகத்தான் வந்தது. 1963 இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பில் குக், 1,500 டொலரோடு, வீட்டில் சும்மா கிடந்த ஒரு படுக்கையறையில் கதீட்டரும் ஊசியும் வழிகாட்டிக் கம்பியும் செய்யத் தொடங்கினார். சூரிச்சில் அன்ட்ரியாஸ் குருன்ற்சிக் தன் வீட்டுக் குசினி மேசையில் பலூன் கதீட்டர்களை ஒட்டி ஒட்டிச் செய்து பார்த்தார். 1977 செப்டெம்பரில், விழித்திருந்த ஒரு நோயாளியின் அடைபட்ட இதய நாடியை, நெஞ்சைப் பிளக்காமல், அந்தப் பலூனால் விரித்துக் காட்டினார்.

அதுக்குப் பிறகு பெரிய காசு ஓடி வந்தது. காரணம் லேசாக விளங்கும். இந்தக் குழாயைப் பொதுவாக ஒருதரம் பாவித்தால் எறிய வேணும். அடுத்த நோயாளிக்குப் புதிசு வேணும். காப்புரிமை இருந்தால் போட்டி குறைவு. 1976 இல் அமெரிக்கா மருத்துவக் கருவிகளுக்குக் கடும் சட்டம் கொண்டுவந்தது. அனுமதி எடுக்கிற செலவு கூடக்கூட, சின்னக் கொம்பனிகள் பெரிய கொம்பனிகளிடம் போய்ச் சேர்ந்தன. 1979 இல் தொடங்கிய பொஸ்ரன் சயன்ரிஃபிக் 1992 இல் பங்குச்சந்தைக்கு வந்தது. குருன்ற்சிக்கின் பலூனைத் தயாரித்த ஷ்னைடர் நிறுவனத்தை அது 1998 இல் ஃபைசரிடமிருந்து 2.1 பில்லியன் டொலருக்கு வாங்கியது. குசினி மேசை எங்க, இந்தத் தொகை எங்க!

ஆனால் இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. சி.ஆர். பார்ட், அமெரிக்காவின் பழைய, பெயர்பெற்ற கதீட்டர் நிறுவனம். அதன் இதயக் கதீட்டர்கள் சிலவற்றில் நுனி முறிந்தது, பலூன் சுருங்க மறுத்தது. நிறுவனம் அதை அரசிடம் மறைத்தது. அனுமதி இல்லாத கருவிகளை நோயாளிகளில் பாவிக்கவும் விட்டது. 1993 இல் 391 குற்றச்சாட்டுகளை ஏற்றுக்கொண்டு 61 மில்லியன் டொலர் கட்டச் சம்மதித்தது. அதோடு முடிந்ததா? இல்லை. கொம்பனி பிழைத்தது, வளர்ந்தது. 2017 இல் பெக்டன் டிக்கின்சன் அதைச் சுமார் 24 பில்லியன் டொலருக்கு வாங்கியது.

இதைத்தான் நாங்கள் யோசிக்க வேணும். பங்கு வாங்கினவருக்கு அந்த 61 மில்லியன் ஒரு செலவு. பொறுத்திருந்தால் திரும்பி வந்துவிடும். நாடிக்குள் குழாய் முறிந்தவருக்கு அப்படி இல்லை. சந்தை இரண்டையும் ஒரே தராசில் நிறுக்காது.

அப்ப இந்தத் துறையில் காசே போடக்கூடாதா? அப்படியும் சொல்லமாட்டோம். காசு வந்திருக்காவிட்டால் அந்தப் பலூன் குசினியை விட்டு வெளியே வந்திருக்காது. ஆனால் ஒரு கொம்பனியின் லாபக் கணக்கைப் பார்க்கிற அதே கண்ணால், அது திருப்பி அழைத்த கருவிகளையும், அதன்மேல் நடந்த வழக்குகளையும், பிழை வந்தபோது அது எவ்வளவு கெதியாக வாய் திறந்தது என்பதையும் பார்ப்போம். நாங்கள் வாங்குவது ஒரு பங்குதான். அந்தக் குழாய் போவது இன்னொருத்தரின் இதயத்துக்குள்.