"உனக்குப் பிள்ளை இருக்கா?" – மருத்துவச்சிகளைத் துரத்தும் ஒரு பழைய கேள்வி

பிரசவம் பார்க்கப் படிக்கிற இளம்பெண்களை விடாமல் துரத்தும் கேள்வி ஒன்று உண்டு: "உனக்குப் பிள்ளை இருக்காம்மா?" இல்லை என்றதும் கேட்டவர் முகம் லேசாக மாறும். பதில் சொன்ன பெண்ணுக்கும் உள்ளுக்குள் ஒரு தயக்கம் வந்துவிடும். இந்தக் கேள்விக்கு என்ன வயசு இருக்கும் என்று தேடிப் பார்த்தேன். 2,300 வருஷத்துக்குக் குறையாது.

சாக்ரட்டீஸின் அம்மா ஃபைனரெட்டே ஒரு மருத்துவச்சி. பிளேட்டோவின் 'தியாடெட்டஸ்' உரையாடலில் சாக்ரட்டீஸ் அந்தத் தொழிலைப் பற்றிப் பேசுகிறார். இன்னும் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள் மருத்துவச்சி ஆவதில்லை. பெற்று முடித்து, அந்த வயதைத் தாண்டியவர்களுக்கே அந்த வேலை. பிள்ளையே பெறாதவர்களுக்கும் அது கிடையாது. தான் அனுபவிக்காத ஒன்றில் தேர்ச்சி பெறும் அளவுக்கு மனித இயல்புக்குப் பலம் போதாது என்பது அவர் சொல்லும் காரணம். வேடிக்கை என்னவென்றால், பிரசவத்துக்குக் காவல் தெய்வமான ஆர்ட்டெமிஸே பிள்ளை பெறாதவள். தெய்வத்துக்கு விலக்கு உண்டு, மனுஷிக்குக் கிடையாது!

இதை மறுத்துப் பேசியவர் எபேசு நகரத்து மருத்துவர் சொரானஸ். கி.பி. 2-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமில் வைத்தியம் பார்த்தவர். மகளிர் மருத்துவம் பற்றி அவர் எழுதிய நூலில், நல்ல மருத்துவச்சி யார் என்று ஒரு பட்டியலே வருகிறது. எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், நினைவாற்றல் வேண்டும், உடல் திடமாக இருக்க வேண்டும், விரல்கள் நீளமாகவும் நகங்கள் குட்டையாகவும் இருக்க வேண்டும். பிள்ளை பெற்றிருந்தால்தான் அடுத்தவள் வலி புரியும் என்பதை அவர் ஏற்கவில்லை. இளமையாகத்தான் இருக்க வேண்டும் என்று அப்போது சிலர் சொல்லியிருக்கிறார்கள், அதையும் ஏற்கவில்லை. இளசுகளில் சோனியும் உண்டு, வயசானவர்களில் திடமானவர்களும் உண்டு என்கிறார்.

சரி, பிள்ளை பெறாத ஒருத்திக்கு இந்த வேலையில் தைரியம் எங்கிருந்து வரும்? இதற்கு எனக்குக் கிடைத்த நல்ல பதில் யூஸ்டீனே சீகமுண்ட் என்ற ஜெர்மன் பெண்ணின் வாழ்க்கை.

1636-ல் சைலீசியாவில் ஒரு பாதிரியாரின் மகளாகப் பிறந்தவர். 19 வயதில் கல்யாணம். அடுத்த வருஷமே அவருக்கு ஒரு சோதனை வந்தது. உள்ளூர் மருத்துவச்சிகள் பரிசோதித்துவிட்டு, அவர் கர்ப்பமாக இருக்கிறார், பிரசவ வலி வந்துவிட்டது என்று அடித்துச் சொன்னார்கள். வராத பிள்ளைக்காக அவரைப் பாடாய்ப் படுத்தினார்கள். உண்மையில் அவருக்குக் கருப்பை இறங்கியிருந்தது. வயிற்றில் குழந்தையே இல்லை. அனுபவசாலிகளின் தைரியம் தன் உடம்பை என்ன செய்தது என்று பார்த்த அந்தப் பெண், கையில் கிடைத்த மருத்துவப் புத்தகங்களை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார்.

1659-ல் ஒரு பிரசவத்தில் குழந்தையின் கை தவறான இடத்தில் சிக்கிக்கொள்ள, உதவிக்கு அவரைக் கூப்பிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 23 இருக்கும். அவர் போன முதல் பிரசவமே அப்படிச் சிக்கலானது. அதன் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் அந்த வட்டாரத்து ஏழைப் பெண்களுக்குக் காசு வாங்காமல் பிரசவம் பார்த்தார். 1670-ல் லீக்னிட்ஸ் நகரத்தின் மருத்துவச்சி. 1683-ல் பெர்லின் அரசவைக்கே அழைப்பு. 1690-ல் அவர் வெளியிட்ட புத்தகம், ஆசிரியை யூஸ்டீனாவும் மாணவி கிறிஸ்டீனாவும் பேசிக்கொள்வது மாதிரி எழுதப்பட்டது. ஏறக்குறைய 6,200 குழந்தைகளை அவர் உலகுக்குக் கொண்டுவந்தார் என்று 1705-ல் அவர் இறுதிச் சடங்கில் சொன்னார்கள். அவருக்கு மட்டும் கடைசி வரை பிள்ளை இல்லை.

இந்தக் கதையில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்த இடம் ஒன்று. சீகமுண்டுக்கு வாழ்க்கை அனுபவம் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? பிள்ளை பெற்ற அனுபவம்தான் இல்லை. தெரியாதவர்கள் தெரிந்ததுபோல நடந்துகொள்ளும்போது கட்டிலில் கிடப்பது எப்படி இருக்கும் என்ற அனுபவம் இருந்தது. அது தைரியத்தையும் தந்திருக்கும், பயத்தையும் தந்திருக்கும். இந்த வேலைக்கு இரண்டுமே வேண்டும்.

அடுத்த நூற்றாண்டில் பிரான்சில் இந்தச் சிக்கல் பெரிய அளவில் வந்தது. 1759-ல் பதினைந்தாம் லூயி மன்னர், மதாம் டு கூத்ரே என்ற பாரிஸ் மருத்துவச்சிக்கு ஊர் ஊராகப் போய்ப் பாடம் எடுக்க ஆணை கொடுத்தார். கிராமத்திலிருந்து வரும் பெண்களுக்குச் சில வாரங்களில் எப்படி நம்பிக்கை வரவழைப்பது? அவரிடம் துணி, தோல், பஞ்சு கொண்டு செய்த ஒரு பொம்மை இருந்தது. பெண்ணின் இடுப்புப் பகுதி, அதற்குள் ஒரு குழந்தை. தலை வந்தால் எப்படி, கால் முதலில் வந்தால் எப்படி என்று மாணவிகள் அதன்மேல் மறுபடி மறுபடி செய்து பார்த்தார்கள். தப்பு நடந்தாலும் யாரும் சாக மாட்டார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் இப்படிப் படித்தார்கள். அந்தப் பொம்மைகளில் ஒன்று இன்றும் ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் படித்துவிட்டு ஊர் திரும்பியவர்களை எல்லாரும் வாசலில் நின்று வரவேற்கவில்லை. பல இடங்களில் ஜனங்கள் பழகிய கிழவியைத்தான் தேடிப் போனார்கள். கைக்குப் பயிற்சி கொடுக்க பொம்மையால் முடிந்தது. ஊர் தரும் மரியாதையைக் கொடுக்க முடியவில்லை.

இங்கிலாந்து 1902-ல் மருத்துவச்சிகள் சட்டம் கொண்டுவந்தபோது இரண்டு தரப்பையும் ஒரே பதிவேட்டில் சேர்க்க வேண்டியிருந்தது. ஒரு வருஷமாவது தொழில் செய்து, நன்னடத்தைச் சான்றும் வைத்திருந்தால் பரீட்சை இல்லாமலே பதிந்துகொள்ளலாம் என்று ஒரு தவணை கொடுத்தார்கள். 1905-ல் அந்தத் தவணை முடிந்தபோது பதிவேட்டில் பாதிக்கு மேல் இப்படி அனுபவத்தால் மட்டும் வந்தவர்கள்தான். புதிதாக வருகிறவர்களுக்கோ மூன்று மாதப் பயிற்சி, பரீட்சை, பிறகு ஒரு கணக்கு: மேற்பார்வையில் குறைந்தது 20 பிரசவம் பார்த்திருக்க வேண்டும், பேறு முடிந்த 20 பெண்களைப் பத்து நாள் கவனித்திருக்க வேண்டும். நீ பெற்றாயா என்று சட்டம் கேட்கவில்லை. எத்தனை பிரசவம் பார்த்தாய் என்று கேட்டது.

மூன்று மாதம் போதவில்லை என்பது சீக்கிரமே தெரிந்தது. 1916-ல் ஆறு மாதமாக்கினார்கள், 1926-ல் நர்ஸ் படிப்பு இல்லாதவர்களுக்கு ஒரு வருஷமாக்கினார்கள்.

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது. வயசும் பிள்ளைப்பேறும் ஒரு மாணவிக்குத் தருவது கட்டிலுக்குப் பக்கத்தில் பதறாமல் உட்காரும் தைரியம். அலறல் கேட்டு அவள் மிரள மாட்டாள். மாமியாருக்குப் பதில் சொல்லத் தெரியும். சின்ன விஷயமில்லை அது. ஆனால் அவள் அறிந்தது தன் பிரசவத்தை மட்டும். அடுத்தவளுக்கும் அப்படியே நடக்கும் என்று நினைத்தால், சீகமுண்டைப் படுத்தியவர்கள் பக்கம்தான் போய் நிற்பாள். இருபது வயதுக்காரிக்கு அந்த ஆபத்து குறைவு. அவளுக்கு இல்லாதது கைப்பழக்கமும், பக்கத்தில் நின்று "சரியாத்தான் செய்யறே" என்று சொல்ல ஒரு ஆளும்தான்.

கைப்பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கலாம், பக்கத்தில் ஆளையும் நிறுத்தலாம். அதனால் அந்த இளம்பெண்ணைப் பார்த்தால் பிள்ளை இருக்கா என்று கேட்க வேண்டாம். இதுவரை எத்தனை பிரசவம் பார்த்திருக்கே, கூட யார் இருந்தாங்க என்று கேட்டால் போதும்.