லித்தியம் அயனி செல்: வீட்டுச் சோதனை

புதிதாக வாங்கிய லித்தியம் அயனி செல், உறையில் அச்சிட்ட கொள்ளளவைத் தருமா, ஏற்றிய சார்ஜை மாதக்கணக்கில் தாங்குமா என்பதை எளிய கருவிகளால் அறியும் முறை. 1991இல் சோனி நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த இவ்வகைச் செல்களில் இன்று சில்லறையாக அதிகம் கிடைப்பது 18650: விட்டம் 18 மி.மீ., நீளம் 65 மி.மீ. டார்ச், பவர் பேங்க், பழைய மடிக்கணினி எல்லாவற்றிலும் இருப்பது இதுதான்.

போலிச் செல்லைப் பிடிக்கப் பெரும்பாலும் மீட்டரே வேண்டாம். பெயர்பெற்ற நிறுவனங்களின் 18650 செல்கள் பொதுவாக 3,600 மில்லி ஆம்பியர் மணிக்குள் அடங்கிவிடும். 9,900 என்று போட்டிருந்தால் அது பொய். நல்ல செல் 45 கிராமை ஒட்டி எடை இருக்கும். சமையலறைத் தராசு 30 கிராம் காட்டினால், உள்ளே சிறிய செல்லை வைத்து மீதி இடத்தைப் பொடியால் நிரப்பியிருக்கலாம்.

அடுத்து மல்டிமீட்டர். செல்கள் அரைகுறை சார்ஜோடுதான் ஆலையை விட்டு வருகின்றன, 3.4 முதல் 3.7 வோல்ட் இருப்பது இயல்பு. 2 வோல்ட்டுக்குக் கீழே கிடந்த செல்லை ஏற்கக் கூடாது. அந்த நிலையில் உள்ளிருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏறும்போது அந்தச் செம்பு வேறிடத்தில் படிந்து ஷார்ட் ஆக வழிசெய்யும். ‘மெதுவாக ஏற்றினால் உயிர் வந்துவிடும்’ என்று கடைக்காரர் சொல்வது வோல்டேஜுக்கு மட்டுமே பொருந்தும்.

கொள்ளளவை அளக்க, 4.2 வோல்ட் வரை முழுதாக ஏற்றி, சோதனை வசதியுள்ள சார்ஜரில் அரை ஆம்பியர் அளவில் இறக்க வேண்டும். 2,600 மில்லி ஆம்பியர் மணி செல் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் தாங்கும். பவர் பேங்கை முழுதாகச் சோதிப்பவர்கள் இங்கே ஏமாந்ததாக நினைப்பதுண்டு. 10,000 என்ற எண் உள்ளிருக்கும் 3.7 வோல்ட்டுக்கு உரியது. வெளியே வரும் 5 வோல்ட்டில் அது 7,400தான், மாற்றும்போது வீணாவது போக இன்னும் குறையும்.

உள்தடையை அறிய 3.9 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் போதும். சும்மா இருக்கையில் 4.16 வோல்ட், ரெசிஸ்டரை இணைத்ததும் 4.09 என்றால், ஓடும் மின்னோட்டம் 1.05 ஆம்பியர், தடை ஏறத்தாழ 67 மில்லி ஓம். மீட்டர் முனைகளைச் செல்லின் மீதே வைக்க வேண்டும். ஹோல்டர் ஸ்பிரிங்கில் வைத்தால் ஸ்பிரிங்கின் தடையும் கணக்கில் சேர்ந்துவிடும்.

நம்பகத்தன்மையை உண்மையில் காட்டுவது, பலரும் பொறுமையின்றித் தவிர்க்கும் சோதனைதான்: சும்மா வைத்திருப்பது. முழுதாக ஏற்றிய செல்லின் வோல்டேஜ் முதல் சில மணி நேரத்தில் தானாகவே சற்று இறங்கும், அது குறையல்ல. ஆகவே ஒரு நாள் கழித்து அளவைக் குறித்து, ஒரே அறையில் மூன்று, நான்கு வாரம் வைத்து மறுபடி அளக்க வேண்டும். ஒன்றாக வாங்கிய நான்கில் மூன்று 4.17இல் நிற்க, ஒன்று மட்டும் 4.08க்கு வந்திருந்தால், அதன் கொள்ளளவு எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஒதுக்கிவிட வேண்டும். பிரிப்பான் படலத்தில் பழுதோ உலோகத் துகளோ இருந்தால் இப்படிக் கசியும். ஆலைகளும் செல்களைக் கிடப்பில் போட்டு இதைத்தான் பார்க்கின்றன. லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லில் சார்ஜ் கணிசமாகக் குறைந்தாலும் வோல்டேஜ் அசையாது. அங்கே வைத்திருந்த பின் மிஞ்சிய கொள்ளளவையே அளக்க வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் தேறிய செல்லும் பாதுகாப்பானது என்று சான்றளிக்க முடியாது. 2006இல் டெல் நிறுவனம் சோனி செல்கள் கொண்ட சுமார் 41 லட்சம் மடிக்கணினி பேட்டரிகளைத் திரும்பப் பெற நேர்ந்தது. செல்லுக்குள் சிக்கிய உலோகத் துகள்களே காரணமாகச் சொல்லப்பட்டன. நசுக்குதல், துளைத்தல், அளவுமீறி ஏற்றுதல் போன்ற சோதனைகள் ஆய்வகத்துக்கு உரியவை; வீட்டில் கூடவே கூடாது. சாதாரண சோதனையையும் எரியாத தரையில், ஆள் விழித்திருக்கும்போது செய்ய வேண்டும். ஒதுக்கிய செல்லின் இரு முனைகளிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் கொடுக்க வேண்டும். குப்பைத் தொட்டியில் போடக் கூடாது.