பிறப்பும் சுருட்டும்: ஒரு வழக்கத்தின் வரலாறு



முதற்குழந்தை பிறந்த மகிழ்ச்சியில் தந்தை தம் நண்பர்களுக்கும் உடன் பணிபுரிவோருக்கும் சுருட்டு வழங்குவது அமெரிக்க நாட்டில் நெடுநாள் நிலவிய வழக்கம். அலுவலகத்திலும் தொழிற்கூடத்திலும் புதுத் தந்தை பெட்டியும் கையுமாகத் தோன்றுவார். எதிர்ப்பட்டோர் வாழ்த்துக் கூறி ஒன்றை எடுத்துக்கொள்வர். பார்வைக்கு இது சிறிய செய்தியே. ஆயினும், ஒரு சமுதாயம் தந்தையை எந்த இடத்தில் நிறுத்தி வைத்திருந்தது என்பதையும், தன் மகிழ்ச்சிக்கு வேண்டிய பொருளை யாருடைய உழைப்பினின்று பெற்றது என்பதையும் இவ்வழக்கம் நமக்கு உணர்த்துகின்றது. இவ்விரண்டையும் ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம். தமிழ்ச்சொல் ஒன்றும் தமிழ்த் தொழிலாளரும் இவ்வரலாற்றில் இடம்பெறுவதால், இதனை அறிந்துகொள்வது நம் கடமையும் ஆகும்.

சொல்லின் பயணம்

புகையிலை அமெரிக்கக் கண்டத்துப் பயிர். 1492ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கொலம்பசின் குழுவினர் கியூபாத் தீவில் தைனோ மக்கள் இலையைச் சுருட்டிப் புகைப்பதைக் கண்டனர். பின்னர்ப் போர்த்துகீசியர் வழியாக அப்பயிர் இந்தியாவை அடைந்தது. தமிழர் அயற்பெயரைக் கடன் வாங்காமல் ‘புகையிலை’ எனத் தம் மொழியிலேயே அதற்குப் பெயரிட்டனர். சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனிடம் புகையிலையைத் தூதாக விடுத்து ‘புகையிலை விடு தூது’ என்னும் சிற்றிலக்கியம் பாடும் அளவிற்கு அது தமிழர் வாழ்வில் கலந்தது.

‘சுருட்டு’ என்னும் பெயர் சுருட்டுதல் என்னும் வினையினின்று பிறந்தது. அச்சொல் ஐரோப்பிய வணிகரோடு கப்பலேறிற்று. ஆங்கிலத்தில் வழங்கும் ‘செரூட்’ என்பது நம் ‘சுருட்டு’ என்பதன் திரிபே. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அது ஆங்கில நூல்களில் தலைகாட்டுகிறது. 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்னும் ஆங்கிலோ இந்தியச் சொற்களஞ்சியமும் அதன் தமிழ் மூலத்தைக் குறிப்பிடுகிறது. திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் புகழும் அக்காலத்தில் இங்கிலாந்து வரை எட்டியிருந்தது. 1887இல் ஆர்தர் கோனன் டாய்ல் படைத்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், கொலையாளி புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்பதைத் துப்பறிவாளர் சாம்பலைக் கொண்டே கண்டுபிடிக்கிறார். ஸ்பானிய மொழி வழியாக வந்த ‘சிகார்’ என்னும் சொல்லே பின்னாளில் ஆங்கிலத்தில் பெருவழக்காயிற்று. இருமுனையும் வெட்டித் திறந்த எளிய வகைக்கு மட்டும் தமிழ்வழிச் சொல் இன்றும் நிலைத்துள்ளது.

தந்தை நின்ற இடம்

1900ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான குழந்தைகளே மருத்துவமனையில் பிறந்தன. ஏனையவை வீட்டில் பிறந்தன. உறவுப் பெண்டிரும் மருத்துவச்சியும் தாயைச் சூழ்ந்திருக்க, தந்தை வெந்நீர் சுமந்தும் விறகு இட்டும் மருத்துவரை அழைத்து வந்தும் ஏதேனும் ஒரு பணி செய்துகொண்டிருந்தார். 1940இல் நிலைமை மாறிவிட்டது. அவ்வாண்டில் நூற்றுக்கு 56 குழந்தைகள் மருத்துவமனையில் பிறந்தன. 1969இல் அவ்வெண்ணிக்கை 99 ஆயிற்று.

இம்மாற்றத்தால் தந்தை தம் பணியை இழந்தார். மகப்பேற்று அறையின் கதவு அவருக்கு அடைக்கப்பட்டது. காத்திருப்பு அறையில் முன்பின் அறியாத பிற தந்தையரோடு மணிக்கணக்கில் அமர்ந்திருப்பதே அவருடைய பங்காயிற்று. வரலாற்றாசிரியர் ஜூடித் வால்சர் லெவிட் 2009இல் வெளியிட்ட நூலில் இக்காலத்தை விரிவாக ஆராய்ந்துள்ளார். சில மருத்துவமனைகளில் காத்திருப்பு அறையில் குறிப்பேடுகள் வைக்கப்பட்டிருந்தன. தந்தையர் தம் அச்சத்தையும் தனிமையையும் களிப்பையும் அவற்றில் எழுதிச் சென்றனர். அவ்வேடுகளே அவருடைய ஆய்வுக்குச் சான்றாயின.

சுருட்டு வழங்கும் வழக்கம் இப்பின்னணியிலேயே முழுப் பொருள் பெறுகிறது. பிறப்பில் பங்கில்லாத தந்தைக்குப் பிறப்பை அறிவிக்கும் பங்கு எஞ்சியிருந்தது. ‘நானும் தந்தையானேன்’ என்று ஊரறியச் சொல்ல அவருக்கு ஒரு கைப்பொருள் தேவைப்பட்டது. ஆண்களின் உலகிற்கு உரியதாகவும், ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு எளிதில் மாறுவதாகவும் இருந்த சுருட்டு அதற்குப் பொருந்தியது. அது ஆண்கள் ஆண்களுக்கு வழங்கிய பொருள் என்பதையும் நாம் மறத்தலாகாது. நோவுற்றுப் பெற்ற தாய்க்கு அவ்விருந்தில் இடமில்லை.

தேர்வும் அதன் இலக்கணமும்

இத்தகைய சுருட்டைத் தேர்ந்தெடுப்பதற்கும் ஓர் இலக்கணம் இருந்தது. வழக்கமாகப் புகைப்பவர் தம் சுவைக்கேற்ப வாங்குவார். புதுத் தந்தையோ பிறர்க்காக வாங்கினார், அவருள் பலர் சுருட்டுப் பழக்கமே இல்லாதவர். ஆகவே காரம் குறைந்ததும், அளவிற் சிறியதும், அரைமணி நேரத்திற்குள் முடிவதுமான வகை பரிந்துரைக்கப்பட்டது. 25, 50 என்னும் எண்ணிக்கையில் அடைக்கப்பட்ட பெட்டிகள் இதற்கு ஏற்றவையாயின. ஆண் குழந்தைக்கு நீலமும் பெண் குழந்தைக்கு இளஞ்சிவப்புமாகத் தாட்பட்டை சுற்றிய சுருட்டுகளும் விற்கப்பட்டன.

மென்மைக்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது மேலுறை இலையின் வெளிர்நிறம். மெல்லியதும் மாசற்றதும் வெளிர்நிறமுடையதுமான அம்மேலிலை எங்கிருந்து வந்தது என்று கேட்போமாயின், விடை நம் கடற்கரைக்கு எதிரிலேயே கிடைக்கிறது.

மலாக்கா நீரிணையின் மறுகரை

1863இல் யாக்கோபஸ் நீன்ஹுய்ஸ் என்னும் டச்சுக்காரர் கிழக்குச் சுமாத்திராவின் டெலிப் பகுதியில் புகையிலை பயிரிடத் தொடங்கினார். அம்மண்ணில் விளைந்த இலை சுருட்டின் மேலுறைக்கு உலகிலேயே சிறந்தது எனப் பெயர் பெற்று ஆம்ஸ்டர்டாம் ஏலத்தில் பெருவிலைக்குப் போயிற்று. அமெரிக்கச் சுருட்டு உற்பத்தியாளரும் அதனை விரும்பி வாங்கினர். உள்நாட்டு உழவரைக் காக்க 1890இல் இயற்றப்பட்ட மெக்கின்லி வரிச்சட்டம் மேலுறைப் புகையிலைக்கு இறாத்தல் ஒன்றுக்கு 2 டாலர் தீர்வை விதித்தது. 1900இல் கனெக்டிகட் உழவர் சுமாத்திரா விதையையே துணிப்பந்தலின் நிழலில் பயிரிட்டு டெலி இலைக்கு ஈடானதை விளைவிக்க முனைந்தனர். அவ்வட்டாரத்துப் புகையிலை வயல் ஒன்றில் 1944 கோடையில் கூலிவேலை செய்தவருள் 15 வயது மார்ட்டின் லூதர் கிங்கும் ஒருவர்.

டெலித் தோட்டங்களில் பயிர்வேலை செய்தவருள் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர். பின்னர்ச் சாவகத்தார் பெருந்தொகையினராயினர். பினாங்கு வழியாகச் சென்ற தமிழரும் அவர்களோடு இருந்தனர். சாலை அமைத்தல், வடிகால் வெட்டுதல், மாட்டுவண்டி ஓட்டுதல் ஆகியவை தமிழர் செய்த பணிகள். 1884இல் எழுந்த மேடான் நகரத்து மாரியம்மன் கோயில் அவர்களுடைய வாழ்வின் தடம். 1880ஆம் ஆண்டின் கூலிச்சட்டம், ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டு நீங்கும் தொழிலாளியைக் குற்றவாளியாக்கித் தண்டிக்க வழிசெய்தது. அங்கு நிகழ்ந்த கொடுமைகளை வான் டென் பிராண்ட் என்னும் வழக்கறிஞர் 1902இல் சிறுநூலாக வெளியிட்ட பின்னரே டச்சு அரசு விசாரணைக்கு ஆணையிட்டது. மனைவி மக்களைப் பிரிந்து தனியராய் வந்த ஆடவர் பலர் அங்கு உழைத்தனர். பிறர் வீட்டுப் பிறப்பு விழாவிற்குப் போகும் இலையை அவர்கள் விளைவித்தனர், தம் வீட்டுப் பிறப்பினை அவர்கள் காணவில்லை.

அமெரிக்காவிலும் நிலைமை வேறுபட்டதன்று. 1880களில் நியூயார்க் நகரின் நெருக்கடியான குடியிருப்புகளில், உண்டு உறங்கும் அறையிலேயே குடும்பங்கள் சுருட்டுச் சுற்றின. சிறுவரும் சிறுமியரும் காம்பு உரித்தனர். கைக்குழந்தைகள் புகையிலைத் தூசியின் நடுவே வளர்ந்தன. சுருட்டுத் தொழிலாளர் சங்கத்தின் சாமுவேல் காம்பர்ஸ் இதனை எதிர்த்துப் போராடினார். சட்டமன்ற உறுப்பினராயிருந்த தியோடர் ரூசவெல்ட் அக்குடியிருப்புகளை நேரிற் கண்டு தடைச்சட்டத்தை ஆதரித்தார். ஆனால், 1885இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாதது என்று தீர்ப்பளித்தது. ஒரு குழந்தையின் வரவைக் கொண்டாட வாங்கிய பொருள் மற்றொரு குழந்தையின் இளமையை விலையாகக் கொண்டிருத்தல் கூடும் என்பதை அன்று வாங்கியவருள் எத்துணைப் பேர் எண்ணினர்?

வழக்கம் தளர்ந்த வகை

இவ்வழக்கம் தளர்ந்தமைக்குக் காரணம் இரண்டு. ஒன்று உடல்நல அறிவு. 1964இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி வெளியிட்ட அறிக்கை புகைத்தலின் தீமையை உலகறியச் செய்தது. 1986ஆம் ஆண்டு அறிக்கை, பிறர் விடும் புகை குழந்தைகளின் நுரையீரலைத் தாக்குவதை எடுத்துரைத்தது. 1998இல் தேசியப் புற்றுநோய்க் கழகம் சுருட்டிற்கெனவே தனி அறிக்கை வெளியிட்டு, அது வாய், குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோய் விளைவிக்கும் என நிறுவியது. பிறந்த குழந்தையை வரவேற்கும் பொருளே அதற்குத் தீங்காவதை அறிந்தபின் அதனை வழங்கும் கை தயங்கியது.

மற்றொன்று, தந்தையின் இடமாற்றம். 1965இல் மருத்துவர் இராபர்ட் பிராட்லி, கணவரே மனைவிக்குத் துணைநின்று மகப்பேற்றை வழிநடத்தலாம் என்று நூல் எழுதினார். 1970களில் பல மருத்துவமனைகள் தந்தையை உள்ளே வர இசைந்தன. குழந்தையை முதலில் ஏந்தும் கைகளுள் அவருடைய கையும் ஒன்றாயிற்று. அக்கைக்கு இனிப் பெட்டி தேவைப்படவில்லை. பலர் சுருட்டு வடிவிலான சாக்லேட்டையும் மென்மிட்டாயையும் வழங்கினர். சிங்கப்பூரிலோ புகையிலைப் பொருளின் வடிவில் அமைந்த தின்பண்டமும் விளையாட்டுப் பொருளும் விற்கச் சட்டமே இடந்தரவில்லை.

முடிவுரை

குழந்தை பிறந்த வீட்டார் பிறர்க்குக் கொடுத்து மகிழ்தல் எல்லா மக்களுக்கும் பொதுவான பண்பு. நம்மிடையே தமிழர் சர்க்கரையும் கற்கண்டும் வழங்குகின்றனர். சீனர் முழுத்திங்கள் நாளில் சிவப்பு முட்டை அளிக்கின்றனர். மலாய் முஸ்லிம்கள் அகிகா நிகழ்த்தி இறைச்சியைப் பகிர்கின்றனர். அமெரிக்கத் தந்தையின் சுருட்டும் அதே பண்பின் வெளிப்பாடுதான். பண்பு நிலைக்க, பொருள் மட்டும் மாறிற்று. ஆதலால், பொருளை மாற்றுவது மரபைக் கைவிடுவதாகாது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறைக்கு எடுத்துச் செல்லலாம். ‘சுருட்டு’ என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால் மொழி வரலாறும், டெலியின் தொழிலாளர் வரலாறும், குடும்ப வரலாறும் ஒருங்கே விரியும். கொடுக்கும் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது பெறுபவர்க்கு அது நன்மை தருமா, அதனை ஆக்கியவர்க்கு நீதி கிடைத்ததா என்னும் இரு வினாக்களை எழுப்ப மாணவர் பழகுவராயின், வரலாற்றுக் கல்வி தன் பயனை அடைந்ததாகும்.