தெரிந்து விழுங்கும் மாத்திரை: டைசல்ஃபிராம் சான்றுகளை மீண்டும் படித்தல்

பேருந்து நிலையச் சுவரிலும் மின்கம்பத்திலும் ஒட்டியிருக்கும் அந்தத் துண்டு விளம்பரம் தமிழ்நாட்டில் பலருக்கும் பழக்கமானது. குடியை மறக்கச் செய்யும் மருந்து, குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம் என்று இருக்கும். கீழே ஒரு கைப்பேசி எண். அந்தப் பொட்டலத்துக்குள் இருப்பது என்ன என்பது விற்பவருக்கே வெளிச்சம். ஆனால் ‘தெரியாமல்’ என்ற சொல் சுவரோடு நிற்பதில்லை. மருத்துவர் எழுதித்தரும் டைசல்ஃபிராம் மாத்திரையையும் பொடித்துக் குழம்பில் கலந்துவிடும் குடும்பங்கள் உண்டு. மனநல மருத்துவர்கள் இதை நன்கறிவர். இது அறமல்ல என்று பலரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது வேறு. இம்மருந்து பலன் தருகிறது என்பதற்கு நம்மிடம் உள்ள சான்றுகளே, மறைத்துக் கொடுத்தால் பலன் தராது என்பதற்கும் சான்றாக நிற்கின்றன.

டைசல்ஃபிராம் முதலில் ரப்பர் ஆலைச் சரக்கு. அதையொத்த சேர்மங்களைக் கையாண்ட ரப்பர் ஆலைத் தொழிலாளர்களுக்கு மது ஒத்துக்கொள்வதில்லை என்று 1937இல் அமெரிக்க மருத்துவர் ஒருவர் குறித்துவைத்தார். பின்னர் கோபன்ஹேகனில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாகப்சன் இருவரும் அதைக் குடற்புழு மருந்தாக ஆராய்கையில் தாமே விழுங்கிப் பார்த்து, மது அருந்தியதும் முகம் சிவந்து நெஞ்சு படபடத்ததை உணர்ந்தனர். 1948இல் ஆய்வு வெளியானது. மது உடலில் அசிட்டால்டிஹைடாக மாறி, பிறகு ஒரு நொதியால் சிதைகிறது. டைசல்ஃபிராம் அந்த நொதியை முடக்குகிறது. தேங்கிய நஞ்சு தலைவலி, வாந்தி, படபடப்பு, இரத்த அழுத்த வீழ்ச்சி என்று வெளிப்படுகிறது. ஆக, குடிக்காதவரிடம் இம்மருந்து அந்த எதிர்வினையை உண்டாக்குவதில்லை, குடிவேட்கையையும் தணிப்பதில்லை. குடித்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருப்பதே சிகிச்சை.

இதை 1986இல் வெளியான ஃபுல்லர் குழுவினரின் ஆய்வு கூர்மையாகக் காட்டுகிறது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் 605 ஆண்கள் மூன்றாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு 250 மில்லிகிராம் டைசல்ஃபிராம். இரண்டாவது குழுவுக்கு வெறும் 1 மில்லிகிராம். அது உடலில் எதுவும் செய்யாத அளவு, ஆனால் அவர்களுக்கும் டைசல்ஃபிராம் என்றே சொல்லி எச்சரித்தனர். மூன்றாவது குழுவுக்கு வைட்டமின் மட்டும், அதுவும் சொல்லியே. ஓராண்டு முழுக்கக் குடிக்காமல் இருந்தவர்கள் முறையே 18.8, 22.5, 16.1 விழுக்காடு. புள்ளியியல்படி வேறுபாடு இல்லை. மருந்து பயனற்றது என்று பலர் முடிவுகட்டினர். எனக்கு அந்த முடிவு அவசரமாகப் படுகிறது. முதல் இரு குழுக்களுக்கும் ஒரே அச்சம்தான் ஊட்டப்பட்டது. அச்சத்திலிருந்து அச்சத்தைக் கழித்தால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அதைவிட முக்கியமான செய்தி வேறிடத்தில் இருக்கிறது: மாத்திரையை ஒழுங்காக விழுங்கியவர்கள் ஐந்தில் ஒருவரே. அவர்களுள் 43 விழுக்காட்டினர் ஆண்டு முழுவதும் குடிக்கவில்லை. ஒழுங்காக விழுங்குகிறவர் ஏற்கெனவே உறுதி உள்ளவராகவும் இருக்கலாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

2014இல் 22 ஆய்வுகளைத் தொகுத்தபோதும் இதே படிவம் தெரிந்தது. எது மருந்து, எது போலி என்று மறைத்து நடத்திய ஆய்வுகளில் பலனே இல்லை. வெளிப்படையாகக் கொடுத்த ஆய்வுகளில் பலன் தெளிவு. வெளிப்படை ஆய்வுகளில் சார்பு புகும் என்பது நியாயமான எதிர்வாதம்தான். ஆனாலும் அறிதலே மருந்தாக இருக்கும் இடத்தில் அறிதலை மறைத்துச் சோதிப்பது, திரியை எடுத்துவிட்டு விளக்கைச் சோதிப்பது போன்றது.

மும்பையில் டிசௌசா என்ற பெயருடைய இருவர் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வு நம் வீடுகளுக்கு நெருக்கமானது. 100 ஆண்கள், ஒவ்வொருவருக்கும் மாத்திரை விழுங்குவதைப் பார்க்க ஒரு குடும்ப உறுப்பினர். ஓராண்டு முடிவில் டைசல்ஃபிராம் குழுவில் 86 விழுக்காட்டினரும், ஒப்பிடப்பட்ட மற்றொரு மருந்தான நால்ட்ரெக்சோன் குழுவில் 44 விழுக்காட்டினரும் மீண்டும் குடிக்குத் திரும்பாமல் இருந்தனர். குடும்பத் துணை உள்ளவர்களையே தேர்ந்தெடுத்த ஆய்வு இது. தனி ஆளுக்கு இதே எண்ணை எதிர்பார்க்க முடியாது. அமெரிக்காவில் அஸ்ரின் என்ற ஆய்வாளர் 1982இல் கண்டதும் இதுதான்: மணமானவர்களுக்குத் துணைவர் முன்னிலையில் மாத்திரை விழுங்கும் ஏற்பாடே போதுமாக இருந்தது; தனியாக இருந்தவர்களுக்கு வேலை, நட்பு, பொழுது என வாழ்க்கையையே சீரமைக்க வேண்டியிருந்தது.

இனி குழம்புக்கு வருவோம். தெரியாமல் தின்றவர் சாயங்காலம் குடிக்கிறார், வாந்தி எடுக்கிறார். காரணம் என்ன என்று நினைப்பார்? ‘சரக்கு சரியில்லை’ என்று மறுநாள் வேறு சரக்கு வாங்குவார். அச்சம் பிறக்கவில்லை, நஞ்சு மட்டும் ஏறுகிறது. கடைசியாகக் குடித்து 12 மணி நேரமாவது கழிந்த பிறகே தொடங்க வேண்டிய மருந்து இது. கலந்து கொடுப்பவருக்கு அந்தக் கணக்கு எட்டாது. இதய நோய் உள்ளவருக்கு உயிரே போகலாம். கல்லீரல் பரிசோதனை நடந்திருக்காது. அரிஷ்டத்திலும் சில இருமல் மருந்துகளிலும் மது உண்டு என்று அவரை எச்சரிக்கவும் வழியில்லை.

கலந்து கொடுக்கும் பெண்ணைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2019இல் எய்ம்ஸ் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் சிகிச்சை கிடைத்திருந்தது. மற்ற 37 வீடுகளில் இருப்பது அந்தக் கைப்பேசி எண்தான். மறைத்துக் கொடுப்பதற்கு மாற்று இல்லாமல் இல்லை. தம்பதியருக்கான சிகிச்சையில் அன்றாட ஒப்பந்தம் ஒன்று உண்டு: இன்று குடிக்க மாட்டேன் என்று அவர் சொல்லி, மனைவி பார்க்க மாத்திரையை விழுங்குவார், மனைவி நன்றி சொல்லி, பழைய குடியைப் பேச்சில் இழுப்பதில்லை என்பார், நாட்காட்டியில் ஒரு குறி விழும். கை ஓங்கும் வீட்டில் இந்தப் பொறுப்பை அவள் தலையில் கட்டக் கூடாது. கட்டவும் வேண்டியதில்லை. முடங்கிய நொதி மீளப் பல நாளாகும் என்பதால், வாரத்தில் இரண்டு மூன்று முறை செவிலியர் முன்னிலையில் விழுங்கினாலும் போதும். காசநோய்க்கு, வாரம் இருமுறை கண்ணெதிரே மருந்து தரும் முறையை 1960களில் சோதித்துக் காட்டியது நம் சென்னையின் காசநோய் வேதிச்சிகிச்சை மையம். அந்த அனுபவம் இருக்கும் ஊரில், ஆரம்பச் சுகாதார நிலையத்தின் காலைநேர வரிசையில் குடிநோயாளிக்கும் ஓர் இடம் கேட்பது புதிய கோரிக்கை அல்ல.