ஸ்கிராபிள்: எழுத்துகளுக்குள் சொல் தேடும் விளையாட்டின் வரலாறு

ஸ்கிராபிள் என்பது கையில் கிடைத்த எழுத்துகளைக் கொண்டு சொற்களை அமைத்து, அவற்றைக் கட்டமிட்ட பலகையில் அடுக்கும் விளையாட்டாகும். இது 1930களில் ஐக்கிய அமெரிக்காவில் உருவானது. கொடுக்கப்பட்ட எழுத்துகளுக்குள் எந்தெந்த ஆங்கிலச் சொற்கள் அடங்கியுள்ளன என்று தேடும் பழக்கத்தை உலகெங்கும் பரப்பியதில் இதற்குப் பெரும் பங்குண்டு. சொல்லின் பொருள் தெரியாமலேயே அதை ஆடி வெல்ல இவ்விளையாட்டு இடம் தருகிறது. அதனால் எழுந்த சர்ச்சைகளும் இதன் வரலாற்றில் இடம்பெறுகின்றன.

தோற்றம்

இதனை உருவாக்கியவர் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஆல்பிரட் மோஷர் பட்ஸ் (1899–1993). பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, 1931ஆம் ஆண்டு அவர் வேலையை இழந்தார். ஓய்ந்திருந்த காலத்தில் புதிய விளையாட்டு ஒன்றை அமைக்க முயன்றார். எட்கர் ஆலன் போ 1843இல் வெளியிட்ட ‘தங்க வண்டு’ என்ற கதையில், எந்த எழுத்து அதிகமாக வருகிறது என்று எண்ணி ஒரு மறைமொழி விடுவிக்கப்படுகிறது. பட்ஸ் இக்கதையிலிருந்து தூண்டுதல் பெற்றார் என்பர். ‘நியூயார்க் டைம்ஸ்’ போன்ற நாளிதழ்களின் பக்கங்களில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று அவர் கையால் எண்ணிக் கணக்கெடுத்தார்.

அந்தக் கணக்கே விளையாட்டின் அடித்தளம். மொத்தமுள்ள 100 கட்டைகளில் ‘இ’ எழுத்துக்கு 12 கட்டைகள். அதன் மதிப்பு 1 புள்ளி. அரிதாக வரும் ‘கியூ’, ‘இசட்’ எழுத்துகளுக்குத் தலா ஒரு கட்டை. மதிப்பு 10 புள்ளிகள். ‘எஸ்’ எழுத்தைச் சேர்த்து எளிதில் பன்மையாக்கிவிடலாம் என்பதால் அதற்கு 4 கட்டைகள் மட்டுமே வைத்தார். இரண்டு கட்டைகள் எழுத்தில்லாத வெற்றுக் கட்டைகள்.

முதலில் ‘லெக்சிகோ’ என்ற பெயரில் பலகையின்றி ஆடப்பட்ட இவ்விளையாட்டு, 1938இல் பலகையுடன் கூடிய வடிவம் பெற்றது. ஆயினும் விளையாட்டுப் பொருள் நிறுவனங்கள் அதனை ஏற்கவில்லை. 1948இல் ஜேம்ஸ் புரூனோ என்பவர் உரிமை பெற்று, ‘ஸ்கிராபிள்’ என்று பெயரிட்டார். கனெடிகட் மாநிலத்தில், கைவிடப்பட்ட ஒரு பள்ளிக் கட்டடத்தில் கட்டைகளுக்கு எழுத்துப் பொறிக்கும் வேலை நடந்தது. 1949இல் சுமார் 2,400 பெட்டிகள் செய்தும் 450 டாலர் நட்டமே மிஞ்சியது. 1952க்குப் பின்னரே விற்பனை பெருகியது.

சொல் தேடும் முறை

அகராதி முதலெழுத்தின் வரிசையில் அமைந்தது. கையில் ஏழு எழுத்துகள் மட்டும் உள்ளவருக்கு முதலெழுத்து எது என்பதே தெரியாது. எனவே தேர்ந்த ஆட்டக்காரர்கள் கட்டைகளை அகர வரிசையில் அடுக்கிப் பார்க்கின்றனர். ‘ஏ, இ, ஆர், எஸ், டி’ என்ற ஐந்து எழுத்துகளை எடுத்துக்கொள்வோம். கண்ணீர்த் துளிகள், விகிதங்கள், உற்றுப் பார்த்தல், ஒரு வகைப் பூச்செடி ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு ஆங்கிலச் சொற்களும் இதே ஐந்து எழுத்துகளால் ஆனவை. வரிசைப்படுத்தினால் நான்கும் ஒரே வடிவம் பெறும். அந்த வடிவத்தை நினைவில் வைத்தால் நான்கு சொற்களும் உடன் வந்துவிடும்.

கணினி நிரல்களிலும் இந்த உத்தி பயன்படுகிறது. ஆண்ட்ரூ ஆப்பெல், கை ஜேக்கப்சன் ஆகியோர் 1988இல் வேறொரு முறையை வெளியிட்டனர். பல சொற்களுக்குப் பொதுவாக உள்ள தொடக்கங்களையும் முடிவுகளையும் ஒருமுறை மட்டும் சேமித்து, பலகையில் பொருந்தக்கூடிய எல்லாச் சொற்களையும் விரைவாகக் கண்டறிவது அம்முறை.

பொருளற்ற சொற்கள்

எது சொல், எது சொல்லன்று என்ற வாக்குவாதத்தைத் தீர்க்க, மெரியம்-வெப்ஸ்டர் நிறுவனம் 1978இல் ஸ்கிராபிளுக்கெனத் தனி அகராதி வெளியிட்டது. அதன்பின் பட்டியலில் இருப்பதே சொல் என்றாயிற்று. முதல் உலகப் போட்டி 1991இல் லண்டனில் நடந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத தாய்லாந்தின் பனுபோல் சுஜ்ஜயகோர்ன் 2003இல் உலகப் பட்டம் வென்றார். நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாத நிலையிலும் சொற்பட்டியலைச் சில வாரங்களில் மனனம் செய்து, 2015இல் பிரெஞ்சு மொழிப் போட்டியில் முதலிடம் பெற்றார். 2024இல் இசுப்பானிய மொழியிலும் உலகப் பட்டம் வென்றார்.

இழிசொற்கள் குறித்த சர்ச்சை

யூதர் முதலிய இனத்தவரை இழிவுபடுத்தும் சொற்கள் அகராதியில் இருப்பதற்கு 1990களின் முற்பகுதியில் எதிர்ப்பு எழுந்தது. அவற்றை நீக்குவதாக 1994இல் அறிவிக்கப்பட்டதும், போட்டி ஆட்டக்காரர் பலர் அதை எதிர்த்தனர். பலகையில் சொல் என்பது வெறும் எழுத்துக் கோவையே, அதற்குப் பொருள் இல்லை என்பது அவர்கள் வாதம். முடிவில், வீட்டுக்கும் பள்ளிக்கும் இழிசொற்கள் நீக்கிய அகராதி, போட்டிகளுக்கு முழுப் பட்டியல் என இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஏறத்தாழ கால் நூற்றாண்டுக்குப் பின் இந்நிலை மாறியது. வட அமெரிக்க ஸ்கிராபிள் ஆட்டக்காரர் சங்கம் 2020இலும், பிற நாடுகளில் உரிமை கொண்ட மேட்டல் நிறுவனம் 2021இலும் போட்டிப் பட்டியல்களிலிருந்து இழிசொற்களை நீக்க முடிவெடுத்தன.

இச்சர்ச்சையின் ஆழத்தைத் தமிழர் எளிதில் உணரலாம். ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் ஆங்கில அகராதிகளில் உள்ள ‘பரையா’ என்ற சொல், பறையர் என்னும் சமூகப் பெயரிலிருந்து சென்றது. எழுத்துகளை மட்டும் எண்ணுபவருக்கு அது ஆறு கட்டைகள். அப்பெயரைச் சொல்லி ஒதுக்கப்பட்டவர்களுக்கோ அது தலைமுறை தலைமுறையாகச் சுமந்த துயரம்.