ஜொகூர் அரசும் படகுக் குடிகளும்

மலேசியாவின் தென்கோடியில் உள்ள ஜொகூர் இன்று செம்பனைத் தோட்டங்களாலும், ரப்பர்க் காடுகளில் உழைத்த தமிழரின் வரலாற்றாலும், சிங்கப்பூருக்குச் செல்லும் பாலத்தாலும் அறியப்படுகிறது. ஆனால் 16ஆம் நூற்றாண்டில் தோன்றியபோது அது நிலத்தை நம்பிய அரசாக இல்லை. ஆற்று முகத்துவாரங்களையும் நீரிணைகளையும் ரியாவ், லிங்கா தீவுகளுக்கு இடைப்பட்ட கடல்வழிகளையும் ஆண்டு, அவற்றின் வழியே சென்ற வணிகக் கலங்களால் வாழ்ந்த அரசாகவே இருந்தது. அந்தக் கடலாட்சியைத் தாங்கியவர்கள், பிறப்பு முதல் இறப்பு வரை சிறு படகுகளிலேயே குடும்பமாக வாழ்ந்த ‘ஓராங் லாவுட்’ எனப்படும் கடல் மக்கள். அரண்மனைச் சூழ்ச்சிகளையும் போர்களையும் விரிவாகப் பேசும் ஜொகூர் வரலாறுகள் இம்மக்களைப் பெரும்பாலும் ஓரத்தில் நிறுத்திவிடுவது பெரும் குறையாகும்; ஏனெனில் அவர்கள் விலகியபோதெல்லாம் அரசே ஆட்டம் கண்டது.

மலாக்காவை நிறுவிய பரமேசுவரனுக்குத் துணைநின்றவர்கள் நீரிணைகளில் வாழ்ந்த இக்கடலோடிகளே என்பதை, 1512க்கும் 1515க்கும் இடையே தன் நூலை எழுதிய போர்த்துகீசியரான தொமே பிரேசு பதிவு செய்துள்ளார். 1511இல் மலாக்கா போர்த்துகீசியர் வசமானபின், அதன் சுல்தான் மகமூது பிந்தான் தீவுக்குச் சென்றார். 1526இல் அதுவும் அழிக்கப்பட, சுமத்திராவின் கம்பாரில் 1528இல் இறந்தார். அவருடைய மகன் ஜொகூர் ஆற்றங்கரையில் ஆட்சியை மீண்டும் நிறுவினார். தலைநகரை எத்தனை முறை இழந்தாலும் அரசு அழியாமல் இடம்பெயர முடிந்ததற்குக் காரணம், அதன் வலிமை கோட்டைச் சுவர்களில் இல்லாமல், மன்னர் எங்குச் சென்றாலும் உடன்செல்லக்கூடிய படகுகளில் இருந்ததுதான்.

கடல் மக்கள் ‘சுக்கு’ எனப்படும் குலப்பிரிவுகளாகப் பிரிந்து, ‘பாத்தின்’ எனப்பட்ட தலைவர்களின் கீழ் வாழ்ந்தனர். மன்னரின் போர்க்கலங்களில் துடுப்பு வலிப்பது, தூதரையும் அரச ஓலைகளையும் தீவு விட்டுத் தீவு கொண்டுசெல்வது, கடல்வழிகளைக் காவல்செய்து வணிகக் கலங்களை ஜொகூர்த் துறைக்குத் திருப்புவது, அரச திருமணங்களிலும் இறுதிச் சடங்குகளிலும் பணிசெய்வது என்று அவர்களுக்குக் கடமைகள் இருந்தன. சீன வணிகர் விரும்பிய கடலட்டை, ஆமையோடு, கடற்பாசி போன்றவற்றைத் திரட்டித் தந்தவர்களும் அவர்களே. பாறைகளும் மணல்திட்டுகளும் மறைந்திருந்த இத்தீவுக் கடலில், ஏற்றவற்றத்தையும் நீரோட்டத்தையும் வாடைக்காற்று தொடங்கும் காலத்தையும் அறிந்து படகு செலுத்தும் திறமை ஏட்டில் எழுதப்படாமல், படகிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்குக் கைமாறி வந்தது.

இப்படகு வாழ்க்கை எத்தகையது என்பதை, தெப்ராவ் நீரிணை என்றும் அழைக்கப்படும் ஜொகூர் நீரிணையில் வாழ்ந்த ‘ஓராங் செலேத்தார்’ என்னும் பிரிவினரைப் பற்றிச் சிங்கப்பூரின் அரசு நில அளவையாளர் ஜான் டர்ன்புல் தாம்சன் 1847இல் வெளியிட்ட குறிப்புகளிலிருந்து அறியலாம். இருபது அடி நீளத்துக்கு மேற்படாத ஒரு படகில் ஐந்தாறு பேர் கொண்ட குடும்பம் முழுவதும் வாழ்ந்தது. படகின் ஒரு முனையில் அடுப்பும், நடுவில் பாண்டங்களும், மறுமுனையில் ஆறடிக்கு மேற்படாத ஒரு கூரைப்பாயின் கீழ் உறங்குமிடமும் இருந்தன. அந்த இடத்தையே நாயும் பூனையும் பகிர்ந்துகொண்டன. தாழையினத்தைச் சேர்ந்த மெங்குவாங் போன்ற செடிகளின் ஓலையால் முடைந்த ‘காஜாங்’ என்னும் கூரை, பகலில் வெயிலையும் இரவில் பனியையும் மழையையும் தடுத்தது. இவ்வாறு கூரை வேய்ந்த படகைச் செலேத்தார் மக்கள் ‘பாவ் காஜாங்’ என்றனர்.

தாம்சன் இம்மக்களைத் தாழ்ந்த நிலையினராகக் கருதியே எழுதினார். ஆயினும் அவர் தந்த விவரங்களே அவருடைய தீர்ப்பை மறுக்கின்றன. சமையலுக்கும் உடைமைக்கும் உறக்கத்துக்கும் தனித்தனி இடம் வகுத்து, கவிழாமலும் தீப்பிடிக்காமலும் தலைமுறைகளாக ஒரு குடும்பம் அந்தச் சிறு கலத்தில் வாழ்ந்தது என்றால், அதன் பின்னால் தேர்ந்த ஒழுங்கு இருந்திருக்க வேண்டும். நாய் அங்கு இருந்ததற்கும் தெளிவான காரணம் உண்டு: சதுப்புநிலக் காடுகளில் காட்டுப்பன்றி வேட்டைக்கு அது இன்றியமையாதது. மீனும் நண்டும் சிப்பியும் கடல் தந்தது. அரிசியைப் பண்டமாற்றாகக் கரையில் பெற்றனர்.

இம்மக்களுக்கும் மன்னருக்கும் இடையே இருந்த பிணைப்பு கூலியால் ஆனதன்று. 1612ஆம் ஆண்டை முன்னுரையில் குறிக்கும் ‘செஜாரா மெலாயு’ என்னும் மலாய் வரலாற்று நூல், மலாய் அரசமரபின் தோற்றத்தைச் சொல்லும்போது, இந்திய அரசனான ராஜா சுரான் கண்ணாடிப் பேழையில் கடலுக்குள் இறங்கி, கடலரசனின் மகளை மணந்ததாகக் கூறுகிறது. 1025இல் ஸ்ரீவிஜயத்தின் மீது படையெடுத்த ராஜேந்திர சோழனின் நினைவு இக்கதையில் கலந்திருக்கக்கூடும் என்ற கருத்து தமிழ் வாசகரின் கவனத்துக்குரியது. கடலின் மருமகனுடைய வழித்தோன்றலுக்குக் கடல் மக்கள் பணிந்ததில் வியப்பில்லை. 1699இல் கோத்தா திங்கியில் சுல்தான் இரண்டாம் மகமூது வாரிசின்றிக் கொல்லப்பட்டு, முதலமைச்சரான பெண்டஹாரா அரியணை ஏறியபோது, அவர்களில் பலர் புதிய மன்னரை ஏற்கவில்லை. கொல்லப்பட்டவரின் மகன் என்று உரிமை கோரிய ராஜா கெச்சில் 1718இல் ஜொகூரைக் கைப்பற்றியதற்கு அவர்களுடைய ஆதரவு முதன்மையான காரணமாயிற்று. 1722இல் சுலாவெசியிலிருந்து வந்த பூகிசு வீரர்கள் ராஜா கெச்சிலை விரட்டித் தாங்களே கடற்படை வலிமையாக மாறியதும், படகுக் குடிகளின் அரசியல் இடம் சுருங்கத் தொடங்கியது.

அடுத்த நூற்றாண்டில் அச்சுருக்கம் விரைவடைந்தது. 1824ஆம் ஆண்டின் ஆங்கிலேய-டச்சு உடன்படிக்கை ஒரே நீர்ப்பரப்பை இரு வல்லரசுகளுக்கிடையே பிரித்தது. அதுவரை அரசப்பணியாக இருந்த கடற்காவலும் கலமறிப்பும் கடற்கொள்ளை எனத் தண்டிக்கப்பட்டன. 1840களில் ஜொகூரை நடைமுறையில் ஆண்ட, ‘தெமெங்கோங்’ என்னும் பட்டமுடைய இப்ராகிம், கடலடிக் கம்பிகளுக்குக் காப்புறையாகப் பயன்பட்ட கட்டாபெர்ச்சா என்னும் மரப்பாலின் வணிகத்தாலும், சீனக் குடியேறிகளின் மிளகு, காம்பியர் தோட்டங்களாலும் வருவாய் பெற்றபோது, அரசின் முகம் காட்டை நோக்கித் திரும்பியது. சிங்கப்பூரின் காலாங் ஆற்றில் படகுகளில் வாழ்ந்த காலாங் மக்கள் 1819க்குப் பின் ஜொகூரின் பூலாய் ஆற்றுக்கு இடம்பெயர்க்கப்பட்டு, பெரியம்மையால் ஏறத்தாழ அழிந்தே போயினர். ஒரு சமூகத்தை அதன் நீரிலிருந்து பெயர்த்தெடுப்பதன் விலையை இதைவிடக் கொடுமையாகக் காட்டும் நிகழ்வு ஜொகூர் வரலாற்றில் அரிது.

1924இல் முறைப்படி திறக்கப்பட்ட ஜொகூர்-சிங்கப்பூர் பாலம் நீரிணையின் குறுக்கே கல்லால் எழுப்பப்பட்ட அணைகரையாகும். சிறு கலங்கள் கடக்க அதில் அமைக்கப்பட்டிருந்த மதகும், 1942 சனவரி 31 அன்று பின்வாங்கிய பிரித்தானியப் படை பாலத்தைத் தகர்த்தபோது சிதைந்தது. 1965இல் சிங்கப்பூர் தனிநாடான பிறகு, இரு கரைகளையும் ஒரே வாழிடமாகக் கொண்டிருந்த செலேத்தார் குடும்பங்களுக்கு நடுநீரே எல்லையாயிற்று.

இன்று செலேத்தார் மக்கள் மலேசியாவின் 18 பூர்வகுடிப் பிரிவுகளுள் ஒன்றாகக் கணக்கிடப்பட்டு, சுங்கை தெமோன், பாக்கார் பத்து, சிம்பாங் ஆராங், கோலா மாசாய் முதலிய கரையோரச் சிற்றூர்களில் மீன்பிடித்து வாழ்கின்றனர். லிங்கியு அணைக்காகக் காட்டை இழந்த ஜக்கூன் என்னும் மற்றொரு பூர்வகுடி மக்கள் தொடுத்த வழக்கில் ஜொகூர் பாரு உயர்நீதிமன்றம் 1996இல் பூர்வகுடிகளின் மரபுவழி நில உரிமையை ஏற்றது. அதே நீதிமன்றம் 2017இல் சுங்கை தெமோன், பாக்கார் பத்து செலேத்தார் மக்களுக்கும் அவ்வுரிமையை அறிந்தேற்றது. ஆனால் அத்தீர்ப்புகள் பேசுவது நிலத்தைப் பற்றியே. செலேத்தார் மக்களின் முன்னோர் வாழ்ந்த நீர்ப்பரப்போ, 2014இல் தொடங்கிய ஃபாரஸ்ட் சிட்டி போன்ற திட்டங்களுக்காக மணல் கொட்டி நிலமாக்கப்பட்டு வந்துள்ளது.